சும்மா கொடுத்த இடம்

1

ஊரிலிருந்து யார் கடிதம் போட்டாலும் கடைசியில் அந்தக் கேள்வி வந்துவிடும். "அங்கே வைத்தியமெல்லாம் சும்மாவாமே?"

ஆமாம், சும்மாதான். டாக்டரைப் பார்த்தால் காசு வாங்க மாட்டார்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்தாலும் வாங்க மாட்டார்கள். பொறாமைப்படுகிறவர்கள் தாராளமாகப் படலாம். எனக்கு மட்டும் அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், கையில் இருப்பது கரண்டியோ கத்தியோ, அதை வீசி எறியத் தோன்றும். 'சும்மா' என்ற சொல்லோடு எனக்குத் தீராத பகை. அது கனடாவில் வந்த பகை அல்ல. போடிநாயக்கனூரில் ஜீப்பு நிற்கிற இடத்தில் தொடங்கியது.

நான் சிலமலையில் பிறந்து போடியில் வாழ்க்கைப்பட்டவள். பெயர் பாண்டியம்மாள். இங்கே அந்தப் பெயரை முழுதாகச் சொல்ல எவருக்கும் நாக்கு வளைவதில்லை. 'பாண்டி' என்கிறார்கள், அதையும் நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி. வீட்டுக்காரர் எலெக்ட்ரீசியன். எழுபதுகளின் நடுவில் இந்த நாட்டுக்குத் தொழில் தெரிந்த ஆள் தேவைப்பட்டபோது மனுப் போட்டு வந்தோம். நான் ஒரு பெரிய மருத்துவமனையின் சமையல்கூடத்தில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறேன். மகள் கவிதா உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வீட்டில்தான் கவிதா, பள்ளிக்கூடத்தில் 'கேத்தி'. எப்போது மாறினாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு பெண் போன் செய்து கேத்தி இருக்கிறாளா என்று கேட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டேன். அதற்காக மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போன சனிக்கிழமை மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன். இந்த முறை கேத்திக்கு அல்ல, எனக்கு. எங்கள் பகுதியில் புதிதாகக் கட்டியிருக்கிற ஆரோக்கிய நிலையத்தின் குழுத் தலைவி பேசினார். அடுத்த மாதம் திறப்பு விழாவாம். நான் அவசியம் வரவேண்டுமாம், "உங்களுடைய அந்த அழகான உடையில்". சேலையைச் சொல்கிறார். முடிந்தால் அந்த முக்கோணப் பலகாரமும் கொண்டுவர வேண்டுமாம். சமோசாவைச் சொல்கிறார். போடியில் எங்கள் வீட்டில் சமோசா சுட்டவர் எவருமில்லை. வெள்ளைக்காரர்கள் கேட்டுக் கேட்டு, இங்கே வந்துதான் அதைச் செய்யக் கற்றுக்கொண்டேன். பத்திரிகைக்காரர் வருகிறார், இடத்தைக் கொடுத்தவர் பக்கத்தில் நீங்கள் நின்றால் படம் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

"பிறகு சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். மிக்சியை மறுபடி போட்டேன். மசாலா மாவாகிப் போகும்வரை நிறுத்தவில்லை.

2

போடியில் ஏலக்காய்க் கோடவுன் ஒன்றில் காய் பொறுக்குகிற வேலை எனக்கு. பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பெருங்காயைத் தனியாக, சிறுங்காயைத் தனியாக, வெடித்ததைத் தனியாகப் பிரித்துத் தள்ளுவோம். கோடவுன் வாசலுக்கு எதிரே மலை ஜீப்புகள் வந்து நிற்கும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டங்களில் வேலை செய்கிற சனங்கள் அந்த ஜீப்புகளில் இறங்கி வருவார்கள். அரிசி வாங்க, சினிமா பார்க்க, கல்யாணத்துக்குத் துணி எடுக்க, பிள்ளை பெற. எல்லாவற்றுக்கும் அவர்களுக்குப் போடிதான். மலையில் ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்ல ஒன்றும் கிடையாது.

என் தங்கை ராசாத்தியை அப்படி ஒரு தோட்டத்துக் கங்காணி வீட்டில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமான மூன்றாவது மாதமே அவள் பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் ஜீப்பில் இறங்கி, கோடவுன் வாசலில் நின்றுகொண்டு, "சேச்சி, எந்தா விசேஷம்?" என்று என்னைக் கூப்பிடுவாள். கூட இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். "அடியே, நீ சிலமலைக்காரிடி, ஞாபகம் வச்சுக்க" என்று நான் கத்துவேன். அவளைப் பார்த்துக் கத்தியதுதான் இன்றைக்குக் கவிதாவைப் பார்த்துக் கத்துவதும். பிள்ளைகள் எங்கே குடியேறுகிறார்களோ அந்த ஊர் நாக்கில் ஏறிவிடுகிறது. இதை அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தால் தொண்டையாவது மிஞ்சியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. 'சின்னாஸ்பத்திரி' என்றார்கள். இடத்தை ஊர்க்காரர்கள் கொடுத்தால் கட்டடத்தைச் சர்க்கார் கட்டித் தரும். மார்ச்சுக்குள் இடம் முடிவாகாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். இடம் பார்க்க ஊர்ப் பெரிய மனிதர்களாகச் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டுக்கொண்டார்கள். கமிட்டியில் ஒரு பெண் கிடையாது. பிள்ளை பெறுகிற ஆஸ்பத்திரிக்கு இடம் பார்க்கிற கமிட்டியில், பிள்ளை பெற்றவள் ஒருத்தி கிடையாது.

3

இங்கே நாங்கள் குடியிருப்பது மாடிமேல் மாடி வைத்த கட்டடம். மேலே போகப் போக ஆட்கள் நெருக்கம். ஒரு வீட்டுக்கு வாடகைச் சீட்டில் இருப்பது ஒரு குடும்பம், உள்ளே படுப்பது இரண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இப்போது நிறைய வருகிறார்கள். எவரிடமும் கார் கிடையாது. கீழே பஸ் நிற்கும். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு செருப்புக் கடை. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, பெரிய கடை.

இந்த நகரத்தில் சில பகுதிகளுக்குப் புதிதாக ஆரோக்கிய நிலையங்கள் கட்டப் போகிறார்கள், எங்கள் பகுதிக்கும் ஒன்று என்று போன வருடம் அறிவிப்பு வந்தது. டாக்டர், நர்ஸ், பிள்ளைகளுக்கு ஊசி, கர்ப்பிணிகளுக்குச் சோதனை எல்லாம் ஒரே இடத்தில். நல்ல காரியம். எனக்கு உடனே அந்தச் செருப்புக் கடைதான் கண்ணில் வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மின்தூக்கியில் இறங்கினால் ஆஸ்பத்திரி. வேறென்ன வேண்டும்?

அவர்களுக்கு வேறு வேண்டியிருந்தது. கடைக்கு வாடகை கொடுக்க வேண்டும், வருடா வருடம். வீடு கட்டி விற்கிற ஒரு முதலாளியோ பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஓர் இடத்தை இலவசமாகத் தருகிறார். அங்கே அவருடைய புது வீடுகள் வரிசையாக எழும்புகின்றன. பஸ் அந்தப் பக்கம் போகாது. சாலையில் எட்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நடந்து கடக்க வேண்டுமென்றால் பாலம் இருக்கிற இடம்வரை போய்ச் சுற்ற வேண்டும். குளிர்காலத்தில் அந்தப் பாலத்தின் மேல் காற்று அடிக்கிற அடியில் மூக்கு எங்கே இருக்கிறதென்று தடவித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று அவர்கள் வைத்திருந்த எண்ணிக்கையும் பொய். வாடகைச் சீட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணியிருந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் போடிதான் ஞாபகம் வந்தது. வருடக் கணக்கு மார்ச்சில் முடிகிறது, அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று அறிவிப்பின் அடியில் போட்டிருந்ததைப் படித்தபோது சிரித்தே விட்டேன். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் மார்ச்சு மாதம் ஒன்றுதான் போல.

4

போடிக் கமிட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. சிலமலையிலிருந்து எங்கள் அய்யாவை வரவழைத்தேன். அய்யா சம்சாரி. நிலத்தைத் தவிர எதைப் பற்றியும் பேசக் கூச்சப்படுகிறவர். ஆனால் மகள் மலையில் இருக்கிறாள் என்பதற்காக வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். காய் பொறுக்குகிற பெண்கள் சிலரும் என்னோடு வந்தார்கள்.

இடம் கொடுப்பவர் ஒரு ஏலக்காய் வியாபாரி. வடக்குத்தெரு முதலாளி என்றே சொல்கிறேன், பெயரைச் சொன்னால் பேரன்மார் இங்கேகூடச் சண்டைக்கு வருவார்கள். அவர் தருவதாகச் சொன்ன இடம் சுடுகாட்டைத் தாண்டி இருந்தது. சுற்றிலும் அவருடைய காடுதான், கல்லும் முள்ளும். சுடுகாட்டுப் பாதையைத் தவிர அதற்கு வேறு பாதை கிடையாது.

அய்யா எழுந்தார். "மொதலாளி கோவிச்சுக்கிறக் கூடாது. எடம் குடுக்குறது பெரிய மனசு. ஆனா வயித்துப்பிள்ளக்காரி சுடுகாட்டுப் பாதையில எப்படி வருவா?"

கமிட்டியில் ஒருவர், வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சத்தமாகச் சிரித்தார். "எந்தக் காலத்துலய்யா இருக்கீரு? சந்திரன்ல மனுசன் எறங்கிட்டான். நீரு பேயி பிசாசுன்னுக்கிட்டு."

எனக்குப் பொறுக்கவில்லை. "பேயிக்கு நான் பயப்படலீங்க. நான் வந்துருவேன். எம் மாமியா வரமாட்டாக. மாமியா வண்டியில ஏறலைன்னா மருமகளும் ஏற முடியாது. சந்திரன்ல எறங்குனவனுக்கு மாமியா இருந்தாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

பெண்கள் சிரித்தார்கள். கமிட்டி சிரிக்கவில்லை.

"சரி, எங்கதான் வைக்கச் சொல்ற?" என்றார் முதலாளி. கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

"ஜீப்பு நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல பவுண்டு சும்மாதான கெடக்கு?"

பவுண்டு என்றால் அடுத்தவன் வெள்ளாமையில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற பட்டி. மாடு அடைத்து வெகு காலமாகியிருந்தது. சுவர் இருந்தது, கிணறு இருந்தது. அந்த இடத்தின் பேரில் ஏதோ பழைய வழக்கு, கொஞ்சம் செலவழித்தால் தீர்ந்துவிடும் என்று ஊரில் சொன்னார்கள்.

"மாட்டை அடைச்ச எடத்துல ஆஸ்பத்திரியா? நல்லாருக்கே கத!" என்றார் வாத்தியார். "அதுக்கு வக்கீலு, கோர்ட்டு, செலவு. இது சும்மா வருதும்மா. சும்மா வர்றத வேணாம்னு சொல்ல நமக்கு என்ன பைத்தியமா?"

"மலையில இருந்து வர்றவுக ஜீப்புல வந்து எறங்குறது அங்கதான…" என்று அய்யா மெல்ல இழுத்தார்.

"மலைக்காரங்க கேரளாக் கணக்குய்யா. நம்ம ஊரு தலைக்கட்டுலயே அவுக வரல."

அய்யா உட்கார்ந்துவிட்டார். மலையில் விளைகிற காய் போடிக் கணக்கு. அதைப் பறிக்கிறவள் மட்டும் கேரளாக் கணக்கு. அதைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது மண்டபத்தை விட்டு வெளியே வந்தபிறகுதான் தோன்றியது. நல்ல பதிலெல்லாம் படியிறங்கும்போதுதான் வருகிறது.

கட்டடம் கட்டினார்கள். நல்ல கட்டடம், குறை சொல்ல மாட்டேன். கட்டடம் வந்ததால் ரோடு வந்தது, ரோடு வந்ததால் லைட்டுக் கம்பம் வந்தது. லைட்டுக் கம்பம் வந்ததும் முதலாளி சுற்றியிருந்த காட்டை மனை போட்டு விற்க ஆரம்பித்தார். திறப்பு விழாவில் அவருக்குப் போட்ட மாலை கழுத்தை மறைத்தது. 'நிலம் ஈந்த வள்ளல்' என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நர்சம்மா ஒருத்தி வெள்ளைச் சேலையில் வாசலில் உட்கார்ந்து பிணம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

5

இந்த நகரத்தில் கூட்டம் ஒரு நூலகத்தின் அறையில் நடந்தது. காப்பியும் பிஸ்கட்டும் இருந்தன. இந்தக் கமிட்டியில் பெண்கள் இருந்தார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். எல்லோரும் காரில் வந்தவர்கள்.

எனக்குச் சமையல்கூடத்து இங்கிலீஷ் நன்றாக வரும். 'உப்பில்லாத தட்டு எங்கே', 'சர்க்கரை நோயாளிக்கு ஜெல்லி வைக்காதே' என்றெல்லாம் வெளுத்து வாங்குவேன். கோபத்துக்கு மட்டும் அந்த இங்கிலீஷ் போதாது. கோபம் எனக்குத் தமிழில்தான் வருகிறது, அதுவும் சிலமலைத் தமிழில். அதனால் கவிதாவைக் கட்டாயப்படுத்தி அழைத்துக்கொண்டு போனேன். நான் சொல்வதை அவள் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

"இந்த ஆளு எடத்தை ஒண்ணும் சும்மா குடுக்கல. ஆஸ்பத்திரி வந்தா அவன் கட்டுற வீடு வெலை ஏறும், அதுக்குக் குடுக்குறான். இது எனக்குப் பழைய கத. பனியில, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, அந்தப் பாலத்துல எவ ஏறி வருவா? உங்கள்ல ஒருத்தராச்சும் இங்க பஸ்சுல வந்தீகளா? செருப்புக் கடை பூட்டித்தான கெடக்கு? அதுக்கு வாடகை குடுக்க முடியலைன்னா ஆஸ்பத்திரி எதுக்கு நடத்துறீக?"

கவிதா என்னைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். முன் வரிசையில் அவள் வகுப்புத் தோழியின் தாய் உட்கார்ந்திருந்தார். கவிதா தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள்:

"என் அம்மா இந்த அன்பளிப்புக்கு நன்றி சொல்கிறார். பஸ் வசதியைப் பற்றியும் யோசித்தால் நன்றாக இருக்கும் என்கிறார்."

கூட்டம் கைதட்டியது. தலைவி நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் அங்கேயே, நின்றது நின்றபடி, மகள் சொன்னதன் அர்த்தம் முழுவதும் புரிந்து நின்றேன். சமையல்கூடத்து இங்கிலீஷ் அதற்குப் போதும்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"நீ கத்துறம்மா. நீ கத்தினா அவங்க உன்னைப் பாக்க மாட்டாங்க, என்னைத்தான் பாப்பாங்க. நாளைக்கு ஸ்கூலுக்கு நான்தான் போகணும்."

"அன்பளிப்புன்னு நான் சொன்னனா? சும்மான்னுதானடி சொன்னேன்?"

"சும்மாவுக்கு இங்கிலீஷ்ல என்ன? காசில்லாததுக்கும் சும்மாங்கிற, காலியா கெடக்கிறதுக்கும் சும்மாங்கிற, என்ன பண்றேன்னு கேட்டாலும் சும்மா இருக்கேங்கிற. எந்த சும்மான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இடம் அந்தப் பக்கம்தான் என்று மார்ச்சில் முடிவானது. நான் நன்றி சொன்னவளாக அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டேன். இப்போது சேலையும் சமோசாவும் கேட்டு வந்த போன் அதன் பலன்.

6

திறப்பு விழா என்றதும் இந்த வாரம் முழுக்க எனக்கு ராசாத்தி ஞாபகம்தான்.

சின்னாஸ்பத்திரி திறந்த பிறகு ஒருநாள், நல்ல மழை. கோடவுனில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமாக வருகிற ஜீப்பு சாக்குகளோடு வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "யக்கா, வெரசா வாங்க. உங்க தங்கச்சிக்கு வலி கண்டுருச்சு."

ஜீப்பின் பின்பக்கம் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார், காலடியில் அவள் புருசன். மலைவளைவுகளில் உருட்டிப் புரட்டிக் கொண்டுவந்ததில் முகம் வெளுத்துக் கிடந்தது. தலைப்பிள்ளை. நாள் இன்னும் இருந்தது. சேலையெல்லாம் ரத்தம்.

"அக்கா, வல்லாத்த வேதனைக்கா" என்றாள்.

எதிரே பவுண்டு பூட்டிக் கிடந்தது. நான் ஜீப்பில் ஏறிக்கொண்டு, சின்னாஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். டிரைவரும் விட்டார். சுடுகாட்டுப் பாதை பிரிகிற முக்கில் கொட்டுச் சத்தம் கேட்டது. ஒரு பிணம் போய்க்கொண்டிருந்தது, மழையில் நனைந்த பூவும் ஊதுவத்திப் புகையுமாக.

"வண்டிய நிறுத்துய்யா!" என்றாள் மாமியார். "எம் பேரப்பிள்ளைய அந்த வழியாவா கொண்டுபோறது?"

"அத்தே, ரத்தம் நிக்கலைங்கறேன். இந்தா தெரியுது கட்டடம். நர்சம்மா இருக்கு."

டிரைவர் பிரேக்கை மிதித்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எம் பொண்டாட்டியும் மாசமா இருக்காக்கா" என்றார் என்னைப் பார்க்காமல்.

நான் மாமியாரைத் திட்டினேன், டிரைவரைத் திட்டினேன், மூட்டையைத் தள்ளிவிட்டு ராசாத்தியைத் தூக்கப் போனேன். அப்போது ராசாத்தியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிட்டு வேணாங்க்கா. பேடியா இருக்கு."

பேடி என்றால் மலையாளத்தில் பயம். பயத்தைக்கூட அவள் அந்த ஊர்ப் பேச்சில்தான் சொன்னாள். மாமியார் சொன்னதைத் தள்ளிவிடலாம், அவள் சொன்னதை எப்படித் தள்ளுவது? ஜீப்பைத் திருப்பித் தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டோம். பாதி வழியில் என் கையைப் பிடித்திருந்த அவள் கை விட்டுப்போனது. பிள்ளையும் தங்கவில்லை.

மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்ததால் மேலே கொண்டுபோக முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள். பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம். திரும்பி வந்த அய்யா ஈர வேட்டியோடு சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரி தொறந்துதான் இருந்துச்சு தாயி. நர்சம்மா வாசல்ல நின்னு பாத்துச்சு" என்றார்.

ராசாத்தியும் கடைசியில் அந்தச் சுடுகாட்டுப் பாதையில்தான் போனாள், பிணமாக.

துக்கம் கேட்க வடக்குத்தெரு முதலாளியும் வந்தார். நாற்காலி போட்டோம். நல்ல மனிதர்போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னிடம் சொன்னார். "எல்லாரும் என்னைய ஒரு மாதிரியாப் பேசுறாகளாம். நான் எடத்தைச் சும்மாதானம்மா குடுத்தேன். அதுக்கு மேல என்ன செய்ய முடியும்?"

அதற்கு அய்யாதான் பதில் சொன்னார். கூச்சப்படுகிற அய்யா, எழுந்துகூட நிற்கவில்லை.

"நீங்க சும்மா குடுத்தீக. நான் எம் பிள்ளையக் குடுத்தேன். எந்திரிச்சுப் போங்க மொதலாளி."

7

போன சனிக்கிழமைவரை இதையெல்லாம் கவிதாவிடம் நான் சொன்னதே இல்லை. சித்தி ஒருத்தி இருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். போன் வந்த அன்று, மாவாகிப் போன மசாலாவைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். இடையில் பல இடங்களில் அவளுக்குத் தமிழ் புரியவில்லை. பவுண்டு என்றால் என்ன என்றாள், கங்காணி என்றால் என்ன என்றாள். சுடுகாட்டுப் பாதையில் ஏன் போகக் கூடாது என்று மட்டும் அவள் கேட்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். இங்கே பிள்ளைகள் எதற்கும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

நேற்றுத் தலைவி மறுபடி அழைத்தார். நான் கையை நீட்டுவதற்குள் கவிதா எடுத்துவிட்டாள். இங்கிலீஷில் பேசினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

"என் அம்மா வர மாட்டார். அன்றைக்குக் கூட்டத்தில் அவர் நன்றி சொல்லவில்லை. நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். அவர் சொன்னதை இப்போது சொல்கிறேன், கேளுங்கள்."

பிறகு சொன்னாள். ஒரு வருடத்துக்கு முன்னால் நான் சிலமலைத் தமிழில் கத்தியதை ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல் சொன்னாள். வீடு விலை ஏறுவதைச் சொன்னாள், பனியைச் சொன்னாள், பாலத்தைச் சொன்னாள், உங்களில் யாராவது பஸ்ஸில் வந்தீர்களா என்று கேட்டாள். எல்லாம் அன்றைக்கே அவளுக்குப் புரிந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கோபத்தை இங்கிலீஷில் நான் முதன்முதலாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கம் தலைவி ஏதோ சொன்னார். கவிதா போனின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எடம் சும்மாதான கெடச்சதுங்கறாங்கம்மா. வேற என்ன செய்ய முடியும்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?"

அன்றைக்கு வடக்குத்தெரு முதலாளி கேட்ட அதே கேள்வி. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவிதா பொத்திய கையை எடுத்தாள்.

"எங்கள் சித்தியைக் கொன்றதும் அப்படி ஒரு இடம்தான், மேடம். அதுவும் சும்மா கொடுத்ததுதான்" என்றாள். எல்லாம் இங்கிலீஷ். 'சும்மா' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் தமிழிலேயே சொன்னாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று தலைவி கேட்டிருக்க வேண்டும். கவிதா பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

திறப்பு விழா அன்று எனக்கு வேலை இருக்கிறது, தட்டு அடுக்கப் போகிறேன். ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறவர்களுக்கு: ஆமாம், இங்கே வைத்தியம் சும்மாதான். எங்கள் கட்டடத்துப் பெண்கள் பாலத்தைச் சுற்றிப் போய்ச் சேர வேண்டும்.